வெந்நீர் அடுப்புக்குப் போக இருந்த தோடி

வடகரப்பதி,
29-12-1974, ஞாயிறு.

மரியாதைக்குரிய மதினி அவர்களுக்குத் தெய்வானை வணங்கி எழுதுவது.

“பலகையில அப்படி என்னத்தத்தேன் வரையிறான் எந்தம்பி?” என்று போன கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, ஒளி எப்படி வளைகிறது, ஒலி எப்படிப் பரவுகிறது என்று இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், தன் வீட்டு நடையில் சாத்தியிருக்கும் பலகையில் இருப்பது என்ன என்று சொல்லத் தெரியாமல் விழிக்கிறேன். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற விசாரிப்புகளை மனச்சாட்சியோடு செய்யலாம். இங்கு நான், உங்கள் தம்பி, சினை எருமை ஆகிய மூவரும் சௌக்கியம். கணவாய்க் காற்றுதான் இந்த மார்கழியில் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறது. குமுளியில் குளிர் எப்படி? அண்ணனுக்கு இரைப்பு குறைந்ததா? ஏலக்காய்க் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தும்மல் வருவது சளியால் அல்ல, சரக்கால் என்று நான் முன்பே சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பெண் தனபாக்கியத்துக்கு முகூர்த்தச் சேலை எடுத்தாயிற்றா?

இனி விஷயம். தை மாதக் கல்யாணத்துக்கு உங்கள் தம்பி வேலு வந்து நாதஸ்வரம் வாசித்தே ஆகவேண்டும் என்றும், “தாய்மாமன் வாசிக்காம மணவறையில உக்கார மாட்டேன்னு புள்ள ஒத்தக்கால்ல நிக்கிது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை சொல்வது நியாயம். அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்திய அன்று, மடியில் வைத்துக்கொண்டு “ஒங் கல்யாணத்துக்கு மாமன்தேன் வாசிப்பேன்” என்று ஊரறியச் சொன்னவர் உங்கள் தம்பி. ஆனால் அவர் வாசிப்பை நிறுத்தியது மனம் வெறுத்தோ கர்வம் பிடித்தோ அல்ல. போன பொங்கலுக்குக் கரும்பு கடித்தார். கரும்பு வெளியே வந்தபோது முன் பல் இரண்டும் அதோடு வந்துவிட்டன. நாதஸ்வரக்காரருக்கு முன் பல் என்பது, வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் தாங்கும் சுவர். சுவர் போனபின் அவர் ஊதியதைக் கேட்டேன். காற்று தாராளமாக வந்தது, நாதம் மட்டும் வரவில்லை. கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆடிக்கொண்டிருந்த மற்றவற்றையும் பிடுங்கிவிட்டு, மேல் வரிசைக்குப் பல்செட் கட்டினோம். அது கொஞ்சம் ஆடுகிறது என்று டாக்டரிடம் சொன்னதற்கு, “பழகினா சரியாப் போயிரும்” என்றார். பல் பழகியது. எங்களுக்குத்தான் பழகவில்லை.

மாசியில் வேலந்தாவளத்தில் ஒரு கல்யாணம். உங்கள் தம்பி நாதஸ்வரம், குப்பண்ணன் தவில். குப்பண்ணனை உங்களுக்கு நினைவிருக்கும். ஒருமுறை குமுளிக்கு வந்து, பலாப்பழம் ஒன்றைத் தனியாக முடித்தாரே, அவர்தான். தாலி முடியும் நேரம் வந்தது. கெட்டி மேளம் என்று யாரோ விரலை ஆட்டினார்கள். உங்கள் தம்பி கன்னம் உப்ப ஊதினார். வந்தது நாதம் அல்ல, பல். அது பறந்து போய் நேராகத் தரையில் விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அட்சதைத் தட்டில் விழுந்தது. மஞ்சள் அரிசிக்குள் அது புதைந்ததைக் கவனிக்காத பெண்ணின் பெரியப்பா, பெரிய கையாக அள்ளி, மனதார வாழ்த்தி வீசினார். மாப்பிள்ளையின் தலைப்பாகையில் அரிசியும் பூவும் உங்கள் தம்பியின் மேல் வரிசையும் சேர்ந்து அமர்ந்தன. போட்டோ எடுக்க வந்தவர் அந்த வினாடியில் பொத்தானை அமுக்கிவிட்டார். நாதஸ்வரம் நின்றுவிட்டது. குப்பண்ணன் தவிலை நிறுத்தவில்லை. ஆனால் சிரிப்பில் அவர் வயிறு குலுங்க, வயிற்றோடு தவிலும் குலுங்க, உலகத்தில் எந்தத் தாளத்திலும் சேராத ஓர் அடியில்தான் அந்தத் தாலி ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று எழுந்தார்கள். பந்தியை நினைத்துக் கவலைப்பட்ட பெரியவர் ஒருவர், “பல்லு வந்து தலையில உக்காந்தா ஆயுசு கெட்டிங்க, தெரியாதுங்களா?” என்று அந்த நிமிஷத்தில் ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கி அவர்களை உட்கார வைத்தார். அந்தத் தம்பதிக்குக் கார்த்திகையில் ஆண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே இரண்டு பல் இருந்ததாக ஊரில் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

அன்றோடு உங்கள் தம்பி நாதஸ்வரத்தை உறையில் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்து, அரிசிப் பானைக்கு மேலே பரணில் வைத்துவிட்டார். குப்பண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். “அவன் சிரிச்சதுகூடப் பரவால்ல, தாளத்த விட்டுட்டுச் சிரிச்சான்” என்பது குற்றச்சாட்டு. பங்குனி முழுவதும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டகை மாடத்தில் பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூச வாங்கிய வர்ண டப்பாக்கள் மிச்சமிருந்தன. அந்தச் சமயம் பார்த்துத்தான், மதினி, நீங்கள் ஏலக்காயும் மிளகும் வைத்து ஒரு தேயிலைப் பெட்டியை லாரியில் அனுப்பினீர்கள். சரக்கை நான் எடுத்துக்கொண்டேன். பெட்டியை அவர் எடுத்துக்கொண்டார். ஆணி பிடுங்கி, பலகையைப் பிரித்து, எஸ்டேட் பெயர் அச்சடித்த பக்கத்தைப் பின்னால் வைத்து, வழவழப்பான பக்கத்தில் கொம்புச் சாயத்தை இழுக்க ஆரம்பித்தார். ஆகவே அவர் வரைவது என்ன என்று நீங்கள் கேட்கும்போது, பலகை யாருடைய பலகை என்பதையும் தாழ்மையுடன் நினைவூட்டுகிறேன். அதற்குப் பிறகு ‘சாமான் போட்டு வைக்கப் பெட்டி வேணும்’ என்று உங்களுக்கு எழுதி அவர் வரவழைத்த பெட்டிகள் எதிலும் இதுவரை ஒரு சாமானும் விழவில்லை.

முதல் பலகையை அவர் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது நன்றாக நினைவிருக்கிறது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“இது என்ன?”

“தோடி.”

“எங்கே?”

“முழுக்கத்தேன்.”

“இந்தப் பச்சை வளைந்து வளைந்து போகிறதே?”

“மாரியாத்தா தேரு முக்குத் திரும்புற எடம். அங்கன நின்னு வாசிச்சேன்ல, அது.”

“நடுவிலே தார் கொட்டின மாதிரி ஒரு கறுப்பு?”

“அது குப்பண்ணன். ராகம் முடியுமுன்னயே பூந்துட்டான்.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. “ஒனக்குத் தோடியே தெரியாதே, டீச்சரு” என்றார். அது உண்மை. எனக்கு எல்லா ராகமும் ஒரே ராகம். வாசிப்பு முடிந்துவிட்டது என்பதை மற்றவர்கள் துண்டை உதறுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, இப்படி உருவம் இல்லாமல் வரைவதற்கு அரூப ஓவியம் என்று பெயர், சென்னையில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு கண்காட்சியில் பார்த்திருக்கிறேன், அங்கேயும் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். கடைசி வாக்கியம் அவர் காதில் விழவில்லை. பெயர் மட்டும் விழுந்தது. மறுநாளிலிருந்து பொன்னாடை போர்த்தப்பட்ட வித்துவானைப் போல நடக்க ஆரம்பித்தார். கல்யாணி, பைரவி, முகாரி என்று நடையில் பலகைகள் சேர்ந்தன. யார் வந்தாலும், பால் வாங்க வருகிறவர்கள் உட்பட, பலகைக்கு முன்னால் நிறுத்தி, “பாருங்க, என்ன தெரியுது?” என்பார். சிலர் பாம்பு என்றார்கள். சிலர் மழை வரும்போல இருக்கிறது என்று பாலை வாங்கிக்கொண்டு வேகமாகப் போனார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: “ஒரே ஒரு ஆளு, டீச்சரு. பாத்துட்டு இது இன்னதுன்னு சொல்லிட்டான்னா எனக்குப் போதும். கச்சேரியில ஆயிரம் பேரு உக்காந்திருந்தாலும் ஒருத்தனப் பாத்துத்தேன வாசிக்கிறோம்.” நான் ரசத்தை ஊற்றினேன். வேறு என்ன செய்ய?

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்துக் காட்டுக் கமலாத்தாள் வந்தாள். புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“ஏனுங் டீச்சரம்மா, உங்கூட்டுப் பலகையில ஒண்ணு நம்ம புது ஊட்டுக்கு வேணுமுங். எங்கூட்டுக்காரரு வந்தவரு பாத்துப்போட்டு, மாட்டுனா அதைத்தான் மாட்டோணும்னு ஒரே புடியா நிக்கறாருங்.”

உங்கள் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல்செட்டைத் தேடி மாட்டிக்கொண்டார், நன்றி சொல்வதற்காக. இருந்ததிலேயே சிவப்பு அதிகமான கல்யாணியைத் துடைத்துக் கொடுத்தார். மறுநாள் சவரம் செய்து, கச்சேரிக்குக் கட்டும் சரிகை வேஷ்டி கட்டி, சந்தனம் இட்டு, அதை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கப் புறப்பட்டார். என்னையும் வரச் சொன்னார். போனோம். வீட்டின் முன்புறம், மூங்கில் சாரத்தின் உச்சியில், பூதம் வரைந்த பூசணிக்காய்க்கும் தேய்ந்த விளக்குமாற்றுக்கும் நடுவில் கல்யாணி தொங்கியது. தலைகீழாக. அதன் காலில், அதாவது தலையில், ஒற்றைச் செருப்பு கட்டியிருந்தது. கண் திருஷ்டிக்கு.

“நல்லா இருக்குதுங்களா?” என்றாள் கமலாத்தாள், பெருமையாக. “பூசணிக்காயக் காட்டியும் இதுதானுங் பயமா இருக்குது. எங்க கொழுந்தனாரு வவுத்தெரிச்சல் புடிச்சவருங். நேத்துப் பாத்துப்போட்டு, ஊட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரு.”

திரும்பி வரும்போது, என்ன ஆறுதல் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வரப்பில் பாதி தூரம் வந்ததும் அவர் நின்றார். “தலகீழா மாட்டியிருக்காகள்ல?” என்றார். ஆமாம் என்றேன். “அப்படித்தேன் நல்லாருக்கு. இத்தன நாளு எனக்குத் தோணலயே” என்றார். உங்கள் தம்பியோடு வாழ்வதில் உள்ள கஷ்டம் இதுதான், மதினி. ஆறுதல் சொல்லத் தயாராக இருக்கும் நேரத்தில் அவர் வருத்தப்படுவதில்லை.

அந்த வாரத்தில் கமலாத்தாள் வீட்டுக் கொத்தனார் சாரத்திலிருந்து வழுக்கி, மணல் குவியலில் உட்கார்ந்த நிலையில் வந்து சேர்ந்து, வாயிலிருந்த பீடிகூட அணையாமல் எழுந்து போனார். மணலில் விழுந்தால் ஏன் அடி படாது என்று நான் நாலு பேருக்கு விளக்கினேன். நாலு பேரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குப் பலகை கேட்டுப் போனார்கள். தென்னந்தோப்புக்கு ஒன்று, கோழிக் கூட்டுக்கு ஒன்று, புதுக் கிணற்றுக்கு ஒன்று. முகாரி ஒரு நிலக்கடலைக் காட்டில் நின்று மயில் விரட்டியது. அவருக்கோ, எதற்கு வாங்குகிறார்கள் என்பது தெரிந்தும் ஒரு நம்பிக்கை. கோழிக்குத் தீனி போட வருகிறவன் தினமும் பார்க்கத்தானே வேண்டும், ஒரு நாள் தெரியாமலா போகும் என்று கணக்கு. பகலெல்லாம் வரைந்தார். கையில் பச்சை, காதில் நீலம். பாட்டை மட்டும் வாய்க்குள் முனகிக்கொண்டே இருப்பார். பல் இல்லாததால் அது எருமைக்குச் செல்லம் கொடுப்பது போல ஒலிக்கும். எருமை அந்த நாட்களில் ஒரு படி பால் கூடுதலாகக் கொடுத்தது. அதற்கும் எனக்குக் காரணம் தெரியாது.

பிறகு வேலந்தாவளம் சந்தை மாட்டுத் தரகர் கருப்புசாமி வந்தார். இருப்பதில் பெரிய பலகையாகப் பார்த்து வாங்கிப் போனார். அவருக்குத் திருஷ்டி பற்றிய கவலை இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு காளையை விற்க வேண்டியிருந்தது. நல்ல காளைதான், நெற்றியில் மட்டும் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சுழி. மாடு வாங்க வருகிறவன் பல்லைப் பார்ப்பதற்கு முன் சுழியைத்தான் பார்ப்பான். கருப்புசாமி காளைக்குப் பின்னால் புளிய மரத்தில் பலகையை மாட்டினார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கவுண்டர் காளையின் முன்னால் நின்று பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனதும் அவர் சம்சாரம் ஆரத்தித் தட்டோடு வந்து, நெற்றியில் பொட்டு வைக்கக் குனிந்தவள், தட்டைக் கீழே போட்டாளாம்.

அடுத்த சந்தைக்கு அவர் காளையோடும் பங்காளிகளோடும் வந்தார். கருப்புசாமி எங்கள் வீட்டுக்கு ஆள் விட்டார். உங்கள் தம்பி ஓடினார். சண்டை தீர்க்கப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன்.

“அந்தப் பலகையில என்னமோ வெச்சிருக்கறாங்க! பாத்தா நவுர முடியறதில்லீங். என்ற கண்ணக் கட்டிப்போட்டாங்க!” என்று கவுண்டர் கத்திக்கொண்டிருந்தார்.

உங்கள் தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்புட்டு நேரம் பாத்தீக?”

“அரை மணி நேரம் இருக்குமுங்!”

“அம்புட்டு நேரமா! என்ன தெரிஞ்சுச்சு? சொல்லுங்க, சும்மா சொல்லுங்க.”

“ஒரு மண்ணும் தெரியலீங்!”

கருப்புசாமி காளையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சொல் பரவிவிட்டது. கண்ணைக் கட்டும் பலகை, மாந்திரீகப் பலகை. ஒரு வாரத்துக்குள் தோப்பிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. யாரும் கையில் கொடுக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசல் படலில் சாத்தியிருக்கும், எலுமிச்சம்பழமும் மஞ்சளும் வைத்து. ஊறுகாய்க்கு இந்த வருஷம் நான் எலுமிச்சம்பழம் வாங்கவே இல்லை. கமலாத்தாள் மட்டும் நேரில் வந்து, “கோவிச்சுக்காதீங் டீச்சரம்மா” என்று கல்யாணியை ஒரு படி உப்போடு திருப்பித் தந்தாள். செருப்பை அவிழ்க்க மறந்துவிட்டாள்.

இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த மனிதர், அந்த ‘ஒரு மண்ணும்’ என்ற சொல்லோடு அடங்கிவிட்டார். தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவிக் கொட்டகை மாடத்தில் சொருகினார். “கேக்காத காதுக்கு வாசிக்கிறதும் ஒண்ணுதேன், பாக்காத கண்ணுக்கு வரையிறதும் ஒண்ணுதேன்” என்றார். அதற்குப் பிறகு முனகல்கூட இல்லை. எருமையும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது.

ஆகவே மதினி, யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தனபாக்கியம் கவலைப்பட வேண்டாம். அவள் மாமன் வந்து வாசிப்பார். பல்செட் ஆடாமல் பிடிக்க ஒரு பசை கோயமுத்தூரில் கிடைத்திருக்கிறது. நேற்று அதைத் தடவிக் கட்டிய பல்லை இன்று காலை எடுக்க நான் ஒரு பக்கம் இழுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு உறுதி. குப்பண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை தவிலோடு வந்துவிடுவார். பேசாவிட்டால் போகட்டும், இரண்டு பேரும் சேர்ந்து வாசித்துப் பழகினால் போதும். பரணிலிருந்து நாதஸ்வரத்தை நானே இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். பலகைகள் இருக்கும்வரை அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். நடையிலும் நடக்க வழியில்லை. எனவே நாளைக் காலையிலிருந்து அவை வெந்நீர் அடுப்புக்கு. தேயிலைப் பெட்டிப் பலகை நன்றாக எரியும். இந்தக் குளிருக்கு மார்கழிக் கடைசிவரை வரும். கேட்டதற்கு அவர் “செய்யி” என்று ஒரே வார்த்தை சொன்னார். அவர் வரைந்தது என்ன என்ற உங்கள் கேள்விக்கு நாளை முதல் பதில் சுலபம். சாம்பல்.

அண்ணனுக்கு என் வணக்கம். கல்யாணப் பெண்ணுக்கு, மாமன் வாசிப்பில் மணவறை ஏறி, மஞ்சள் முகம் மாறாமல், எங்களைப் போலவே சண்டையும் சமாதானமுமாக நெடுநாள் வாழ என் ஆசி. அவளுக்கு வரும் வீட்டுக்காரருக்குப் பல் எல்லாம் சொந்தமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தெய்வானை.

பின்குறிப்பு. 30-12-1974, திங்கள்.

மேலே உள்ளதில் நலம் விசாரித்த வரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடவும். தபாலில் சேர்ப்பதற்குள் இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தேங்காய் மட்டையை வைத்து வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தேன். தீ பிடித்ததும் போடலாம் என்று பலகைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் அடுக்கினேன். குப்பண்ணன் வந்தார். உங்கள் தம்பி அவரைப் பார்த்ததும் எருமையின் பக்கம் திரும்பிக்கொண்டார். குப்பண்ணனும் அவரிடம் பேசாமல் என்னிடம், “பனிக்குத் தோலு தொஞ்சு கெடக்குதுங் அம்மிணி, கொஞ்சம் அனலு காட்டறேன்” என்று தவிலோடு அடுப்பருகே வந்து உட்கார்ந்தார். நான் மேலே இருந்த பலகையை எடுத்து, “அப்படியே இதை உள்ளே தள்ளிவிடுங்கள்” என்று கொடுத்தேன். அது அந்த முதல் தோடி.

அவர் வாங்கினார். தள்ளவில்லை. ஒரு தடவை பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு முகம் சிவந்து எழுந்து நின்றார்.

“வித்துவானுங்களே! இங்க வாங்க! யாரைக் கேட்டுங் என்னை இங்க போட்டீங்க?”

“எங்கன?” என்றார் உங்கள் தம்பி. மாசிக்குப் பிறகு குப்பண்ணனிடம் அவர் பேசிய முதல் சொல் அது.

“இதா, இந்தக் கறுப்பு. நானல்லோ இது? மாரியாத்தா தேரு முக்குத் திரும்பறப்ப வாசிச்ச தோடியல்லோ? நான் ஒண்ணும் முந்தலீங். நீங்கதான் முடிக்காம இழுத்துட்டே போனீங்க. நான் எடுத்த எடம் இது.” கறுப்புக்கு ஒரு விரற்கடை வலப்புறம் விரலை வைத்து அழுத்தினார். “இங்கதான் இருக்கோணும் நானு!”

“அங்கன இல்ல நீ. இங்கனதேன் வந்து பூந்த!”

“நாலு பேரு பாக்கற எடத்துல இப்புடி மானத்த வாங்கலாமுங்களா? ஊரெல்லாம் இதைப் பாத்திருக்குமே! குப்பண்ணன் முந்திப் பூந்தான்னு ஊரெல்லாம் சிரிச்சிருக்குமே!”

மதினி, அந்தக் கறுப்பு குப்பண்ணன் என்பது உங்கள் தம்பிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் இருவருக்கும் பேச்சே இல்லை. நான் எதையும் ஒரு முறை பார்த்து நம்புகிறவள் அல்ல. சத்தம் போடாமல் அடுக்கிலிருந்து பைரவியை எடுத்து, வேண்டுமென்றே தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் பிடித்தேன். “திருப்பிப் புடிச்சிருக்கறீங் அம்மிணி” என்றார், சண்டையிலிருந்து முகத்தைக்கூட முழுதாகத் திருப்பாமல். பிறகு பார்த்து, “இதுல சரியான எடத்துலதான் போட்டிருக்கறாரு” என்று கொஞ்சம் தணிந்தார். இன்னும் ஒன்றைக் காட்டினேன். அது கடைசியாக வரைந்த மஞ்சள் பலகை. அதில் கறுப்பே கிடையாது.

குப்பண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். “இதுல நான் இல்லீங்களே” என்றார். குரல் இறங்கிவிட்டது. “வித்துவானுங்களே, இது நாம வாசிக்கவே இல்லீங்களே.”

“வாசிக்கல” என்றார் உங்கள் தம்பி. “எங்கக்கா மக கல்யாணத்துக்குன்னு வச்சிருந்தது.”

குப்பண்ணன் உட்கார்ந்தார். தவில் வாரைத் தோளில் மாட்டி, விரல்களுக்குக் கூடு போட்டுக்கொண்டார். பலகையை எதிரே அம்மிக்கல்லில் சாத்தச் சொன்னார். உடனே அடிக்கவில்லை. அவர் கண் பலகையின் இடது ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து போவதை நான் பார்த்தேன். உங்கள் தம்பியின் கண்ணும் அதே இடத்தில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்கும் இடம் வந்தது. இந்த முறை குப்பண்ணன் முந்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுத? தவில் அதிர்ந்ததில் கூரை ஓடு ஒன்று காற்றின் உதவி இல்லாமலே இறங்கியது. உங்கள் தம்பி பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, “ஆங்! ஆங்! அதேன்!” என்று கத்தினார். எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு கமலாத்தாள் காட்டுக்குள் போய்விட்டது. அதை ஓட்டிக்கொண்டு வந்த கமலாத்தாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “ஏனுங் டீச்சரம்மா, அந்தப் பலகையப் பாத்தா இவரு இந்த அடி அடிக்கறாரு? அப்ப அதுல மெய்யாலுமே பேயி இருக்குதுங்களா?” என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்து கேட்கச் சொன்னேன். வந்தாள். போகும்போது கல்யாணியைத் திரும்பக் கேட்டாள், இந்த முறை வீட்டுக்குள் மாட்ட. செருப்பை நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

எனவே, நாதஸ்வரத்துக்குக் கம்பம் ஊரில் ஒரு நல்ல ஆளாகப் பார்த்து ஏற்பாடு செய்துவிடுங்கள். உங்கள் தம்பி வாசிக்க மாட்டார். தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு அந்த மஞ்சள் பலகை வரும். தாலி முடிந்ததும் மணவறைக்கு எதிரே அதைச் சாத்தி வைக்க ஓர் இடமும், குப்பண்ணன் உட்கார ஒரு ஜமக்காளமும், அவருக்குத் தனியாக ஒரு பலாப்பழமும் வேண்டும். தனபாக்கியத்திடம், மாமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், வாசித்து முடித்துக் காயவும் வைத்துவிட்டார் என்று சொல்லுங்கள். திருஷ்டிப் பலகை என்று யாராவது வாசலில் கட்டப் போனால் தடுக்கவும். எஸ்டேட் பெயர் பின்பக்கம் நேராக இருக்கும்படி பிடித்தால் மேல் பக்கம் சரியாக இருக்கும். உங்கள் தம்பியைக் கேட்க வேண்டாம், அவர் இரண்டு பக்கமும் நல்லாருக்கு என்பார்.

காலியான தேயிலைப் பெட்டிகள் இருந்தால் கம்பத்து லாரியில் ஏற்றிவிடவும். சாமான் போட்டு வைக்க என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தோடியில் கறுப்பு இருக்கவேண்டிய இடம் எது என்று இருவரும் இன்னும் கொட்டகையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு எனக்கு இப்போதும் பதில் தெரியாது. தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அடுப்பு அவிந்துபோயிற்று. இன்று பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன்.